எழுநூற்று நாற்பது கிராம்

கனடாவில், ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே, றோயின் மான் பண்ணையில், 2022ஆம் ஆண்டு ஜூன் ஏழாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பிறந்த ஆண் குட்டிக்கு எடை இருக்கவில்லை. எடை குறைவு என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. எடை குறைந்த குட்டிகள் வருடத்துக்கு இரண்டு மூன்று பிறக்கும், அவற்றைப் பார்க்க ஒரு முறையும் இருக்கிறது. இதற்கு எடையே இல்லை. தராசில் வைத்தால் பூச்சியம் காட்டியது. றோய் பற்றறியை மாற்றினார். ஐந்து கிலோ உப்புக்கட்டியை வைத்துப் பார்த்தார், ஐந்து என்றது. தானே ஏறி நின்றார், அவருடைய வயிற்றுக்கு ஒரு இறாத்தல்கூடத் தள்ளுபடி கொடுக்காமல் காட்டியது. திரும்பவும் குட்டியை வைத்தார், பூச்சியம். கொட்டில் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் அன்றைய திகதிக்கு நேரே 0.00 என்று எழுதிவிட்டு அடுத்த குட்டியை நிறுக்கப் போனார். அந்தக் கிழமை பெற்றோல் லீற்றர் இரண்டு டொலரைத் தாண்டியிருந்தது. பண்ணையில் அன்று பேச்சு அதைப் பற்றித்தான்.

குட்டியைக் கண்டெடுத்தவள் இராஜேஸ்வரி. ஐம்பத்தொரு வயது, கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் நின்றபடியே வேலை செய்தவள். தொழிற்சாலை மூடப்பட்டது. அவளும் கணவர் இரத்தினவேலும் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டை விட்டு ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி வந்தார்கள். இரத்தினவேலுக்கு ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலை. வீடு குடிபுகுந்த புதிதில் விருந்தாளிகளுக்கு மான் இறைச்சி வாங்க றோயிடம் போன இராஜேஸ்வரி, வேலியோரம் ஒரு பெட்டை மான் நொண்டுவதைக் கண்டு, அதன் குளம்பில் கல் ஏறியிருக்கிறது என்றாள். றோய் போய்ப் பார்த்தார். கல் இருந்தது. இறைச்சிப் பொதியோடு வேலையையும் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து அவளுடைய மாஜரின் டப்பாக்களில் கத்தரிக்காய்க் கறியும் சோயாக் கறியும் றோயின் வீட்டுக்குப் போயின. வெறும் டப்பா திருப்பிக் கொடுப்பதில்லை என்பதை எங்கிருந்தோ கற்றுக்கொண்ட றோய், அவற்றை முட்டையோ மேப்பிள் பாணியோ நிரப்பித் திருப்பி அனுப்பினார்.

அது இறைச்சிக்கு மான் வளர்க்கும் பண்ணை, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமைகளில் ஸ்காபரோவிலிருந்தும் ரூஜிலிருந்தும் எங்கள் ஆட்கள் ஐஸ்பெட்டியோடு வந்து, "அக்கா, எலும்போட தாங்கோ" என்று வரிசையில் நிற்பார்கள். ஆகவே றோயிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த மானுக்கும் பெயர் வைக்கக் கூடாது. காதில் இலக்கம் போட்ட மஞ்சள் வில்லை ஒன்று, அவ்வளவுதான். எடையில்லாத குட்டியைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வள்ளி என்று பெயர் வைக்கும்படி இராஜேஸ்வரிக்கு ஆலோசனை சொன்னார்கள். அது ஆண் குட்டி என்று அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று காலை தாய் மான் நிலத்தை முகர்ந்து முகர்ந்து தேடிக்கொண்டு நின்றது. அதற்கு அது முதல் ஈற்று. குட்டியோ தாயின் முதுகு உயரத்தில், பின்னங்கால் வேலிக் கம்பியில் சிக்கியபடி, காற்றில் கிடந்தது. தாய் கீழேயே தேடியது. மேலே பார்க்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு மணிநேரம் தேடிவிட்டு மேயப் போய்விட்டது. இராஜேஸ்வரி கம்பியை விலக்கிக் குட்டியை எடுத்தபோது கையில் பாரம் என்று ஒன்றுமே தெரியவில்லை. ஈரம் தெரிந்தது, சூடு தெரிந்தது, உள்ளங்கையில் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. இந்த மூன்றும் சேர்ந்து பாரமில்லாமல் அவள் கையில் கிடந்தது அதுவே முதல்முறை அல்ல. ஆனால் அதை அவள் அப்போது நினைக்கவில்லை. கடும்புப் பாலைப் பற்றித்தான் நினைத்தாள்.

ஈன்ற அன்று சுரக்கும் அந்த முதல் பால் உள்ளே போகாத குட்டி தப்பாது. மானைப் பிடித்துக் கறக்க முடியாது, அது பசு அல்ல. அயல் பண்ணையில் ஈன்ற ஆடுகளின் கடும்பை றோய் வாங்கி உறையவைத்திருந்தார். இராஜேஸ்வரி அதைச் சுடுநீரில் இளக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்து, போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள். போத்தலில் இருந்தபோது அந்தப் பால் நூறு கிராம். குட்டிக்குள் போனதும் பூச்சியம். தாய் நக்கிவிடாத குட்டி தானாக மூத்திரம் பெய்யாது என்பதால் ஈரத்துணியால் வயிற்றின் அடியைத் துடைத்துவிட்டாள். பெய்தது. மூத்திரத்துக்கு எடை இருந்தது.

கொட்டிலில் காற்றாடி சுற்றினால் குட்டி மெல்ல எழும்பி உத்தரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே றோய் இரண்டு தரம் ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. மறுநாள் இராஜேஸ்வரி வீட்டிலிருந்து பழைய நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிலாக ஏணை கட்டினாள். பிள்ளைகளுக்கு ஏணையை மேலே கூரை வளையில் கட்டுவார்கள், அது கீழே தொங்கும். இதைத் தரையிலிருந்த இரும்பு வளையங்களில் கட்ட வேண்டியிருந்தது. அது மேல்நோக்கித் தொங்கியது. போகிற வருகிற நேரமெல்லாம் அவள் அதை ஒருதரம் ஆட்டிவிட்டுப் போனாள். குட்டியும் நித்திரை கொண்டது.

வியாழக்கிழமை குட்டியின் தொப்புள் வீங்கிச் சிவந்தது. மிருக வைத்தியர் மெலனி வந்து பார்த்தார். கொடி வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது, அன்ரிபயோற்றிக் ஊசி போட்டால் தப்பும் என்றார். பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தவர் வெள்ளைப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். அந்த மருந்து கிலோவுக்கு இவ்வளவு மில்லி என்று கொடுப்பது. பூச்சியத்தால் பெருக்கினால் மருந்தும் பூச்சியம். உருவத்தைப் பார்த்து நாலு கிலோ என்று வைத்துப் போடலாம்தான். ஆனால் நாலு கிலோவுக்கான மருந்து, எடையே இல்லாத உடம்பில் என்ன செய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. மெலனி நேர்மையான மனிதர், ஊகத்தில் ஊசி குத்துகிறவர் அல்ல. தனக்குப் படிப்பித்த பேராசிரியர்கள் இரண்டு பேருக்கு அங்கே நின்றே செய்தி அனுப்பினார். ஒருவர் தராசை மாற்றச் சொன்னார். மற்றவர் பதில் போடவில்லை. திங்கட்கிழமை காலை திரும்பி வருகிறேன், அதற்குள் எடை வந்தால் ஊசி, வராவிட்டால் வேதனைப்பட விடாமல் முடித்துவைப்போம் என்றார். முடித்துவைக்கிற மருந்துக்கு மட்டும் அளவு கூடினாலும் பரவாயில்லை என்பதையும் மெல்லச் சொன்னார்.

எங்கள் ஆட்களுக்கு ஆபத்து வந்தால் வாய் முந்திக்கொள்ளும். இராஜேஸ்வரிக்கும் அதுதான் நடந்தது. மெலனியின் கார் படலையைத் தாண்டுவதற்குள், ஏணையைப் பிடித்தபடி, "முருகா, இதைத் தப்ப விடு. இதின்ர எடைக்கு எடை சர்க்கரை தாறன்" என்று நேர்ந்துவிட்டாள். பிள்ளையைத் தராசின் ஒரு தட்டில் இருத்தி, மற்றத் தட்டில் சர்க்கரையோ வாழைப்பழமோ வைத்து, சமமாக நின்றதும் கோயிலுக்குக் கொடுத்துவிடுவது எல்லோரும் அறிந்த நேர்த்திதான். பலகையில் 0.00 என்று எழுதியிருந்த சுவருக்கு முன்னால் நின்று அப்படி நேர்ந்தவள் மட்டும் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்ட இரத்தினவேலுக்குப் புரைக்கேறிவிட்டது. "நல்ல நேர்த்தி வைச்சிருக்கிறீர் அப்பா. பூச்சியத்துக்குப் பூச்சியம். வெறுந் தட்டைக் கொண்டுபோய் வைச்சிட்டு வாரும், முருகனும் வெறுங் குட்டியைத் தருவார்" என்று சிரித்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, பகிடியாகத்தான், "அதை விடும். முதல் வைச்ச நேர்த்தி என்னாச்சு?" என்று கேட்டார். இராஜேஸ்வரி கறிச்சட்டியை வைத்துவிட்டு இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

முதல் நேர்த்தி 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் வைத்தது. அவர்களுடைய ஒரே பிள்ளை நிலக்சி பதினான்கு கிழமை முந்திப் பிறந்தாள். எழுநூற்று நாற்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கையுறையளவில் கிடந்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு உள்ளங்கையில் ஏந்தலாம், பாரம் தெரியாது, நெஞ்சு அடிப்பது மட்டும் தெரியும். இராஜேஸ்வரி அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்து, எடைக்கு எடை சர்க்கரை என்று நேர்ந்தாள். அந்த வார்டில் ஒரு தாதி இருந்தார். கழுத்தில் தொங்கும் பெயரட்டை எப்போது பார்த்தாலும் பின்பக்கம் திரும்பியே கிடக்கும், அதனால் அவர் பெயர் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. அவர் ஒரு சின்னக் கொப்பி வாங்கி, ஒவ்வொரு நாளும் பிள்ளையின் எடையை நீல மையால் எழுதிக் கொடுத்தார். பத்தொன்பதாம் நாள் பிள்ளைக்குக் கிருமி தொற்றி அறுபது கிராம் இறங்கியது. அன்றைய பக்கத்தில் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இராஜேஸ்வரிக்கு அப்போது ஆங்கிலம் ஓடாது. கெட்ட செய்தி என்று நினைத்து, இரத்தினவேல் வேலை முடிந்து வரும்வரை கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தாள். அவர் வந்து வாசித்துச் சொன்னார்: "பயப்பட வேண்டாம் அம்மா. நாளைக்கு ஏறும்." நாளைக்கு ஏறியது.

எண்பத்தெட்டாம் நாள் பிள்ளை இரண்டு கிலோ நானூறில் வீட்டுக்கு வந்தது. அந்தக் கிழமையே போயிருந்தால் மூன்று பக்கெற் சர்க்கரையோடு முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் போகும் கோயில் அப்போது ஒரு வெயர்ஹவுஸுக்குள் இருந்தது, தராசு இல்லை. கோயில் கட்டி முடியட்டும் என்றார்கள். கட்டி முடிந்தபோது பிள்ளைக்கு ஐந்து வயது, தராசுத் தட்டைக் கண்டு மண்டபம் அதிரக் கத்தினாள். பதினொரு வயதில், தான் என்ன அரிசி மூட்டையா என்று கேட்டாள். பதினாறு வயதில் எடை என்ற சொல்லையே வீட்டில் எடுக்க முடியவில்லை. நன்றி இல்லாமல் அல்ல. பிள்ளை ஓடுவதைப் பார்த்தால் நன்றி, தடிமன் பிடித்துத் தும்மினால்கூட நன்றி. இருபத்துமூன்று வருடமாக அந்த நன்றி கிலோக் கணக்கில் ஏறிக்கொண்டே போனது, கொடுக்கத்தான் நாள் வரவில்லை. இப்போது பழைய வாக்கை வைத்துக்கொண்டே புதிய வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று இராஜேஸ்வரி வெட்கப்பட்டாள். கடவுளிடம் வெட்கப்பட்டது ஒரு பக்கம், ஏணைக்குள் காய்ச்சலோடு கிடந்த குட்டியிடம் அதைவிட வெட்கப்பட்டாள்.

நிலக்சி ஒட்டாவாவில் நகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் எஞ்சினியர். இராஜேஸ்வரி போன் எடுத்து, சுகம் விசாரிக்காமல், "பிள்ளை, உன்ர நிறை எவ்வளவு?" என்றாள்.

"அம்மா! ஹூ ஆஸ்க்ஸ் தற்? உதெல்லாம் ஆரும் கேப்பினமா?"

இராஜேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். வேலிக் கம்பி, மேலே தொங்கும் ஏணை, மெலனியின் மருந்து, கண்ணாடிப் பெட்டி, சர்க்கரை. தன்னைத் தராசில் வைப்பதாக நேர்ந்தது நிலக்சிக்குத் தெரியும். எழுநூற்று நாற்பது என்ற இலக்கம் தெரியாது. அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. 

"அந்தக் குட்டி இன்னும் இருக்கா?"

"இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும்தான்."

"ஓகே. சனிக்கிழமை வாறன்."

கோயில் தராசு முப்பது கிலோவுக்கு மேல் தாங்காது, அது சின்னப் பிள்ளைகளுக்கு. இராஜேஸ்வரி கேட்டபோது ஐயர், "எங்க நிறுத்தாலும் நிறை ஒண்டுதானே அம்மா, நிறுத்துப்போட்டுக் கொண்டுவாங்கோ" என்றார். மான் பண்ணையில் நடப்பது அவருக்குத் தெரியாது. ஞாயிறு காலை மூவரும் றோயின் பண்ணைக்குப் போனார்கள். அங்கே கிடாய் மான்களை நிறுக்கும் பெட்டித் தராசு ஒன்று உண்டு. நிலக்சி சப்பாத்தைக் கழற்றினாள், கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், தலையில் இருந்த கிளிப்பையும் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். அறுபத்தொன்று தசம் நான்கு. றோய் பழக்கதோஷத்தில் அதை வெள்ளைப் பலகையில் மான்களுக்குக் கீழே எழுதப் போக, அவள் கத்திய கத்தில் அழித்துவிட்டார். பிறகு இராஜேஸ்வரி ஏணையை அவிழ்த்துக் குட்டியை அவள் கையில் கொடுத்தாள். குட்டி சுட்டது. அதன் கண் பாதி மூடியிருந்தது. தராசில் அதே அறுபத்தொன்று தசம் நான்குதான் நின்றது. நிலக்சி இறங்காமல் வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"நான் இவ்வளவுதானா இருந்தனான், அம்மா?"

"இதிலும் சின்னன்."

"என்னைக் கையில வைச்சிருக்க உங்களுக்குப் பயமா இருக்கேல்லையா?"

"பயமில்லாமல்? நேர்ஸ் பிடிக்கச் சொன்னா, பிடிச்சனான்."

சர்க்கரைக்கு மார்க்கம் வீதியில் மூன்று கடைகளை வெறுமையாக்கியிருந்தார்கள். கடைக்காரர் ஒருவர் கலியாண வீடோ என்று கேட்க, இரத்தினவேல், இல்லை, பிள்ளை ஆஸ்பத்திரியால் வீட்டை வந்திருக்கு என்றாராம். அறுபத்தொரு பக்கெற்றும், அறுபத்திரண்டாவதைப் பிரித்து நானூறு கிராமும், தராசு சமமாகக் காட்டும்வரை அடுக்கினார்கள். பிறகு எல்லாம் கோயிலுக்குப் போயிற்று. அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல், வீட்டுக்குக் கொண்டுபோகவும் டப்பா. அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நிலக்சியின் பெயரைச் சொன்னபின், இன்னும் ஒன்று என்றாள் இராஜேஸ்வரி. பெயர் தெரியாது, நட்சத்திரம் தெரியாது, ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு தாதி. ஐயர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "தாதிநாமதேயாயா" என்று மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார். குட்டியைப் பற்றி இராஜேஸ்வரி எதுவும் கேட்கவில்லை. வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டாள். ஒன்றும் கேட்காமல் அவள் சாமி கும்பிட்டது அன்றுதான்.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கொட்டிலுக்குப் போனபோது ஏணை மேலே நிற்கவில்லை. சேலை தரையில் துவண்டு கிடந்தது, அதற்குள் குட்டி கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். கையில் எடுத்தபோது சூடு இருந்தது. இன்னும் ஏதோ இருந்தது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. தராசில் வைத்தாள். தராசு கொஞ்சம் யோசித்து 0.74 என்று காட்டி நின்றது. இராஜேஸ்வரி வைக்கோலில் குந்தியிருந்து, மூக்கைச் சேலையில் துடைத்துத் துடைத்து, ஒரு பாட்டம் அழுது முடித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பலகையில் எழுதினாள். ஒன்பது மணிக்கு வந்த மெலனி, நாலு கிலோ உருவத்தில் நிற்கும் ஒரு குட்டி எப்படி எழுநூற்று நாற்பது கிராம் இருக்கும் என்று கேட்கவில்லை. இலக்கம் கிடைத்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. மிக மெல்லிய ஊசியில் இரண்டு துளி மருந்தை அளந்து குத்தினார்.

செவ்வாய் காலைக்குள் குட்டி எண்ணூறைத் தாண்டியது. பலகையில் ஏறும் இலக்கங்களை எங்கோ பார்த்த மாதிரி இருக்க, இராஜேஸ்வரி வீட்டுக்குப் போய் நீல மைக் கொப்பியை எடுத்துவந்தாள். ஒரு கிராம் பிசகவில்லை. கொப்பியின் ஒரு நாளை குட்டி இரண்டு மணிநேரத்தில் முடித்துக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் மெலனி வந்து நின்ற நேரம் அறுபது கிராம் இறங்கியது. காய்ச்சல் ஏறியது, பால் வாயால் வழிந்தது.  மருந்து சரிவரவில்லை, இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மெலனி பெட்டியை மூடப் போனார். இராஜேஸ்வரி கொப்பியைப் பத்தொன்பதாம் பக்கத்தில் விரித்து அவர் கையில் கொடுத்தாள். மெலனி அந்த நீல எழுத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். இராஜேஸ்வரி அவருக்கு ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் இரண்டு மணிநேரம் அப்படியே இருந்தார்கள். கொப்பியில் இருந்தபடி நாளைக்கு வந்தது, எடை ஏறியது. கிளம்பும்போது மெலனி அந்தத் தாதியின் பெயரைக் கேட்டார். தெரியாது என்ற பதிலைக் கேட்டு இராஜேஸ்வரியை ஒருதரம் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு கிழமையில் எடையும் உருவமும் ஒன்றுக்கொன்று சரியாகி, குட்டி நிலத்தில் கால் ஊன்றி நடந்தது. கொப்பி முடிந்தபின் இராஜேஸ்வரி நிலக்சியின் குழந்தை மருத்துவ அட்டையை எடுத்துவந்தாள். ஒரு மாதத்தில் நிலக்சியின் ஒரு வயது என்று அது வளர்ந்தது. ஆறாம் மாதம் பத்தொன்பது கிலோ, முதலாம் வகுப்பில் நிலக்சி இருந்த எடை. பெயர் வைக்கக் கூடாது என்பதால் நிலக்சி அதைத் தம்பி என்று கூப்பிட்டாள். அது பெயரல்லவா என்று றோய் சந்தேகப்பட்டார். இல்லை, முறை என்று இராஜேஸ்வரி விளக்கினாள். பதினெட்டாம் மாதம் இறைச்சிக்கு அனுப்பும் கிடாய்களின் பட்டியலை எழுத றோய் உட்கார்ந்தபோது, அவள் கதவடியில் வந்து நின்றாள். பண்ணை அவருடையது, மான் அவருடையது, அவள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள்.  றோய் பட்டியலில் பாதி எழுதி, பேனையை வைத்துவிட்டு, தான் மானை எடைக்குத்தான் விற்பதாகவும், இதனுடைய எடை இன்னொருத்தியுடையது என்றும், தன்னுடையதல்லாததைத் தான் எப்படி விற்பது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த இலக்கத்தை எழுதினார். இராஜேஸ்வரி மறுநாள் இரண்டு டப்பா கறி கொண்டுபோனாள். றோயிடமிருந்து இரண்டும் மேப்பிள் பாணியோடு திரும்பி வந்தன.

2024ஆம் ஆண்டு வைகாசியில் மார்க்கத்தில் ஒரு மண்டபத்தில் நிலக்சி கீதன் என்ற பையனைக் கலியாணம் செய்தாள். அதே ஆண்டு ஜூலையில், பிறந்து இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆனபோது, தம்பி அவளை எட்டிப்பிடித்தது. அதற்குப் பிறகு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஐப்பசியில் மற்றக் கிடாய்கள் பெட்டைகளுக்குப் பின்னால் ஓடி எலும்பும் தோலுமாக வந்தபோது இது மெலியவில்லை. நிலக்சி ஒட்டாவாவில் சளிக்காய்ச்சலோடு படுத்த கிழமை இரண்டு கிலோ மெலிந்தது. இராஜேஸ்வரி உடனே போன் எடுத்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். "அம்மா, உங்கட மான் என்னை ஸ்பை பண்ணுது" என்று நிலக்சி கத்தினாள். ஆனாலும் நத்தார் பண்டிகைக்குக் கேக் சாப்பிட்ட அடுத்த நாள், தம்பி எப்படி என்று தானே செய்தி அனுப்பினாள். மற்றத் தாய்மார் பிள்ளை சாப்பிட்டதா என்று போனில் கேட்டுத்தான் அறிய வேண்டும். தனக்கு முருகன் ஒரு தராசையே தந்திருக்கிறார் என்று இராஜேஸ்வரி கோயிலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். அவர்களும் நல்ல வசதி என்றார்கள்.

2025ஆம் ஆண்டு தை மாதம் தம்பி காலை வேளைகளில் தீன்தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பத் தொடங்கியது. மத்தியானத்துக்கு மேல்தான் ஏதும் கடிக்கும். வேலியோரம் பனியைக் குளம்பால் கிளறி, பழைய புளிப்பு அப்பிள்களைத் தேடித் தேடித் தின்றது. ஒரு கிழமையில் ஒன்றரைக் கிலோ இறங்கியது. றோய் பயந்துபோனார். மெலனி வந்து வயிற்றைத் தட்டி, பல்லைப் பார்த்து, இரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் ஒன்றும் இல்லை, ஆனால் எதுவென்றும் தெரியவில்லை என்றார். இராஜேஸ்வரி அன்று பலகையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நீல மார்க்கர் ஒன்றைத் தேடி எடுத்து, இறங்கிய இலக்கத்துக்குப் பக்கத்தில், இப்போது நன்றாகவே ஓடும் தன் ஆங்கிலத்தில், பயப்பட வேண்டாம், ஏறும் என்று எழுதினாள். வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குப் போய் ஒரு பெட்டி சர்க்கரை வாங்கினாள். எதற்கும் நேரவில்லை, எடை எவ்வளவு என்றும் பார்க்கவில்லை. நேரே கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. இரத்தினவேலையும் பக்கத்தில் கூப்பிடச் சொன்னாள் நிலக்சி. 

"அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணும்."

"ஓம் பிள்ளை, சொல்லு" என்றாள் இராஜேஸ்வரி, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி.